பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை

தலை முழுக்க நுரை.
ஷவர் மூன்று தரம் விக்கி
நூலாகி, சொட்டாகி, நின்றது.
கண்ணை இறுக்கியபடி கத்தினேன்.
கீழே குசினியிலிருந்து சுகிர்தா:
"நான் ஒரு பைப்பும் திறக்கேல்ல."

ரயாடருக்கு மேலே, போவிஸ் மலைச்சரிவில்
சொந்தக் குழாய்க்கிணற்றோடு வீடு வாங்கியதை
லூட்டனில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.
தண்ணீர்க் கட்டணமே இல்லை, தெரியுமோ?
கட்டணம் இல்லாத தண்ணீருக்கு
முறைப்பாடு கேட்கவும் ஆளில்லை என்பது
ஈரத் துவாயோடு பம்ப் கொட்டிலில் நின்றபோது விளங்கியது.

வடிகட்டியைக் கழற்றினேன்.
ஒரு காலத்தில் வெள்ளையாம். இப்போது
கருவாட்டுக் குழம்பு துடைத்த துணி.
புதியதைப் போட்டதும் ஷவருக்கு உயிர் வந்தது.
அத்தோடு முடிந்தது என்று கையைக் கழுவிய நேரம்
அமுக்கமானியின் முள்
மூன்றரையிலிருந்து மூன்றேகாலுக்கு
ஆரையும் கேளாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

நீலத் தாங்கியை விரல் மடக்கித் தட்டினேன்.
மேலே வெறுங்குடம், கீழே நிறைகுடம்.
அது சரிதான்.
காற்றுவாயின் ஊசியை அமத்தினேன்:
தண்ணீர் சீறினால் உள்ளே றப்பர்ப் பை கிழிந்திருக்கும்.
காற்றுத்தான் வந்தது, பழைய ரியூப் மணத்தோடு.
ஆனாலும் பம்பை நிற்பாட்டி, தாங்கியை வடியவிட்டு
மகளின் சைக்கிள் பம்பால் அடித்தேன்.
இரண்டில் பம்ப் எழும்பவேண்டும் என்றால்
பைக்குள் ஒன்று தசம் எட்டு.
கணக்கு சரி. முதுகு சரியில்லை.

அன்றிரவு
எல்லாப் பைப்பும் பூட்டி, எல்லாரும் படுத்தபின்
டக்.
கொட்டிலில் ஆளி விழும் சத்தம்,
அறுபது மீற்றர் அடியில் ஒரு முனகல்.
நேரத்தை எழுதினேன். மறுபடி டக்.
பதினேழு நிமிடம்.
அடுத்ததும் பதினேழு.
ஆரும் குளிக்காத, ஆரும் குடிக்காத வீட்டில்
ஆரோ நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

காலையில், வீட்டுக்குப் போகும் வால்வைப் பூட்டிப் பார்த்தேன்.
முள் அப்போதும் இறங்கியது.
அப்படியானால் கிணற்றுக்குள் தடுப்பிதழ் போய்விட்டது,
பம்பை மேலே இழுக்கவேண்டும்,
ஆயிரத்து நானூறு பவுண் என்றார்
தொலைபேசியில் பம்ப் திருத்துபவர்,
விலையை மட்டும் மெதுவாக.

சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை.
முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன
பெயின்ற் தகரங்களை ஒவ்வொன்றாய் நகர்த்தினாள்.
பதினோராவதின் பின்னால்
எங்கள் வால்வுக்கு முன்பே கிளைபிரிந்து
மண்ணுக்குள் இறங்கும் கறுப்புக் குழாய்.

அதன் போக்கில் நடந்தோம்.
புல் அங்கே மட்டும் அதிகப் பச்சை; சப்பாத்தை நிலம் உறிஞ்சியது.
வேலிக்கு அப்பால், இட்வால் ப்ரொஸ்ஸரின் வயலில்
ஓர் இரும்புத் தொட்டி வழிந்துகொண்டிருந்தது.
மிதவையின் கை துருப்பிடித்து முறிந்து கிடந்தது.
எங்கள் பதினேழு நிமிடங்களில்
முழங்கால்வரை புதைந்து நின்ற ஆடுகள்
கடன்காரரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தன.

இட்வால் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.
ஓ, அதுவா.
உங்கள் வீட்டுப் பாதை என் நிலத்தால் போகிறதல்லவா,
அதற்குத்தான் அது என்றார்.
உறுதியை எடுத்துத் தேடினோம்.
பாதைக்கு ஒரு வரி இருந்தது.
ஆட்டுக்கு இல்லை.

பூட்டிவிடலாம் என்று தொடங்கினேன்.
சுகிர்தா எங்கள் காரைப் பார்த்தாள்.
பாதையைப் பார்த்தாள்.
போன தை மாதம் அதில் பனியைத் தள்ளிய
இட்வாலின் டிரக்டரைப் பார்த்தாள்.
ரயாடரில் ஒரு மிதவை பதினாறு பவுண்.

இன்றைக்கு முள்
மூன்றரையில் ஆணியடித்ததுபோல் நின்றது.
கொட்டில் வாசலில் தேத்தண்ணியோடு இருவரும் காவல்.
இருபது நிமிடம். நாற்பது.
பிறகு ஒரு மயிரளவு இறங்கியது.
குறட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.
அவள் கோப்பைக்குள் பார்த்தபடியே சொன்னாள்:
"இருங்கோ. ஆடுதான்."