பதினோரு பக்கம்

ராயக்கோட்டை, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.
சாப்பாட்டுக்குப் பிறகான முதல் பீரியட்.
மார்க்கெட்டில் கொட்டிய தக்காளியின் அழுகல்
ஜன்னல் வழியே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"லெட்டர் ஏன் டீச்சர் போய்ச் சேரல?"
ஊரில் கொள்ளைநோய், கதவை அடைத்துவிட்டார்கள் என்கிறேன்.
"கொரோனாவா?" என்கிறான் மாதேஷ். பெஞ்சுகள் குலுங்குகின்றன.
"விஷம் குடிச்சா நுரை தள்ளுமே,
வசனம் எப்படிப் பேசுவான்?"
பூச்சிமருந்து டப்பா பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அப்பா நாள் குறித்துவிட்டார், வரும் வியாழன்.
பெண்ணுக்குப் பதினாலு இன்னும் முடியவில்லை.
இந்த இடத்தில் வாயைப் பிளப்பார்கள் என்று
சாக்பீஸைக் கீழே வைத்துக் காத்திருந்தேன்.

ஒருவரும் பிளக்கவில்லை.
மூன்றாவது பெஞ்சில் ஓர் ஆள் இடம்,
யாரும் நகர்ந்து உட்காராமல்.
"நாகவேணி அஞ்செட்டிக்குப் போயிருக்கா டீச்சர்,
அத்தை வீட்டுக்கு."
எப்போது வருவாள்?
சக்கம்மா தன் ஸ்கேலிடம் சொன்னாள்:
"புடவை எடுத்துட்டாங்க."

நாடகம் முடிய இன்னும் பதினோரு பக்கம்.
எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும்தான்.
புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே நடக்கிறேன்.
ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு.
ரிங் போகிறது.
எடுங்க.