வேபில்லின் பின்பக்கம்

கிளினிக்கில் தந்த தாளில் நேரங்கள் இருந்தன.
காலை ஏழரை. பத்துக்கு ஒரு பழம். பகல் பன்னிரண்டரை.
இரவு ஏழுக்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது.
"நாளைக்கு ஆயிரத்து எழுநூறு கலோரி, அண்ணன்,
நேரம் தவறாதீங்க" என்றா மிஸ்.
மடித்துக் காசுப் பைக்குள் வைத்தேன்,
கிழிந்த இருபது ரூபாய்களோடு.

இரவு ஏழுக்குத்தான்
மட்டக்களப்பு ஸ்டாண்டில் எனக்கு விடியும்.

திங்கள் கொழும்பு நைட் பஸ்.
செவ்வாய் பகல் முழுக்க அங்கே, டிப்போ வாங்கில் படுக்கை.
புதன் ஆளில்லை என்று கல்முனைக்கு ஏற்றினார்கள்.
வியாழன் ஓய்வு என்று எழுதி, வெட்டி,
திருப்பி எழுதி, மறுகா வெட்டினார்கள்.
எனக்கு எப்போது பசிக்கவேண்டும் என்பது
டைம்கீப்பரின் பேனைக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றெட்டுக் கிலோ.
அதை முதலில் சொன்னது டொக்டர் இல்லை.
ஆறாவது சீட்டடியில் ஒரு சின்னப் பெட்டை,
தலையில் என் வயிறு இடிக்க, நிமிர்ந்து பார்த்து,
"அங்கிள், முன்னுக்குப் போங்க" என்றாள்.
பதினான்கு வருடமாய்
நான் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த வசனம்.

ஹபரணைக் கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு சும்மா;
நாற்பது பேரைக் கொண்டுவந்து இறக்குவதற்குக் கூலி.
இரவு பதினொன்றரைக்கு
கோப்பை நிறையச் சோறு, பொரித்த மீன், அப்பளம்,
மேலே தயிரும் பாணியும்.
சும்மா கிடைப்பதில் கலோரி இல்லை என்றே நம்பியிருந்தேன்.

பிறகுதான் வேபில்லைத் திருப்பினேன்.
முன்பக்கம்: வாழைச்சேனை ஏழு, ஓட்டமாவடி நாலு, வெலிக்கந்தை இரண்டு.
பின்பக்கம்:
*எழும்பி, ஆறு நாற்பது. இடியப்பம் ஐந்து, சொதி, முட்டை.*
*ஹபரணை. சோறு ரெண்டு கரண்டி, மீன் குழம்பில் போட்டது.*
*தயிர் வேண்டாம் என்றேன். முதலாளி முகம் கறுத்தது.*
*கோட்டை, நாலு பத்து. பிளேன்டீ, சீனியில்லை.*
காசுக் கணக்கு ஒரு ரூபாய் பிழைத்தாலும்
சம்பளத்தில் வெட்டுவார்கள்.
இந்தக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

மேகலா பார்த்தாள்.
"வெள்ளாப்பில வந்து குந்தி நீங்க தின்னுறது
ராச்சாப்பாடா, காலைச்சாப்பாடா?"
அவள் பள்ளிக்கூடத்துக்குச் சாரி கட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரே சட்டிப் புட்டு.
அவளுக்கு நாள் தொடங்கியது, எனக்கு முடிந்தது.

இரண்டாம் முறை கிளினிக்கில்
வேபில் கட்டை மிஸ்ஸிடம் நீட்டினேன்.
கொட்டாவியை மறைத்தபடி வாசித்தா.
நைட் முடித்து வீடு போகாமல் நிற்கிறாவாம்.
மேசை லாச்சிக்குள் பாதி கடித்த பணிஸ்.
"தயிரை எப்படி அண்ணன் விட்டீங்க?"
உண்மையாகவே கேட்டா.
பிறகு பழைய தாளை வாங்கி
நேரங்களை எல்லாம் பேனையால் வெட்டினா.
தொகையை மட்டும் விட்டா.

சனிக்கிழமை புனானைக் காட்டில் டயர் போனது.
ஸ்பெயார் டயரிலும் காற்றில்லை.
இஸ்ஸதீன் வண்டிக்குக் கீழே டோர்ச்சோடு கிடக்க,
யானை வேலிக் கம்பி எங்கேயோ டிக், டிக் என்றது.
ஏறாவூர் உம்மா ஒருவர்
மகனுக்கென்று மடியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்தார்.
"அவனுக்கு இன்னொரு நாள் கொடுக்கலாம். தின்னுங்க மகன்."
*ஒன்று இருபது, புனானை. வட்டிலப்பம், ரெண்டு துண்டு.*
பக்கத்தில் எழுதினேன்: *ஷோர்ட்.*
கொஞ்ச நேரம் கழித்து அதை வெட்டினேன்.

இன்று டிப்போவில், கருவாட்டு மூட்டைகள் இறங்கியதும்
பார்சல் தராசில் ஏறினேன்.
தொண்ணூற்று மூன்று.
"லக்கேஜ் டிக்கெட் போடவா?" என்று கிளார்க் சிரித்தான்.
அந்த ஐந்து கிலோ எந்தத் தரிப்பில் இறங்கியதோ,
மணியடித்த ஞாபகம் இல்லை.

நாளைக்கு வாகரையாம், காலை நாலரை வண்டி.
அப்படியென்றால்
இன்று எனக்கு இரவு எத்தனை மணிக்கு?