தவிலுக்கு ஒரு எக்ஸ்ரே

முரசுமோட்டை நெல் ஆலைத் தராசில்
மூட்டைகள் இறங்கியபின்
பெட்டியோடு தவிலை ஏற்றினோம்.
இருபத்தாறு கிலோ நானூறு.
சூரிச் போகிற விமானத்துக்கு இருபத்துமூன்றுதான்.

"சுருதிய இறக்கினா நிறை குறையாதோ அண்ணை?"
மூட்டை தூக்கும் நிரோசன்
சிரிக்காமல்தான் கேட்டான்.
நானும் சிரிக்காமல்
ஒடியல் மாவை எடுத்தேன்,
மிளகாய்த்தூளை எடுத்தேன்,
மச்சாள் தன் மகளுக்குக் கொடுத்துவிட்ட
பித்தளை இடியப்ப உரலை எடுத்தேன்.
இருபத்திரண்டு எண்ணூறு.
இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு முரசு கிடக்கிறது,
அதை இதுவரை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நிறை சரிவந்தது.
மற்றதுதான் சரிவரவில்லை.

பலாக்கட்டைக்குள், தொப்பிப் பக்கம்,
விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி
ஒரு ஷெல் துண்டு.
மாத்தளனில் ஏறியது.
பங்கர் வாசலை அடைக்க மண்மூட்டை போதாமல்
தவிலை நிமிர்த்தி வைத்திருந்தோம்.
வந்ததில் பாதியைக் கட்டை வாங்கியது.
மீதி என் இடது தோளில்.

தோளுக்குக் கடிதம் இருக்கிறது.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் நீல முத்திரை குத்தி
'உலோகத் துணிக்கை, அகற்றுவது உகந்ததல்ல' என்று.
வாசலில் மணி அடித்தால் நீட்டலாம்.
தவிலுக்கு யார் எழுதித் தருவார்?

ரேடியோகிராபர் துஷாந்தினி
கடைசி ஆள், மாடு உதைத்துக் கால் முறிந்தவர்,
போகும்வரை எங்களை வாங்கில் இருத்தினாள்.
பிறகு தவிலை மேசையில் கிடத்திவிட்டு
கண்ணாடிக்கு அங்காலே போய்
பழக்கத்தில் சொன்னாள்:
"மூச்சைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."
நான் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் கட்டை புகையாய் விழுந்திருந்தது.
வளையம் இரண்டும் பளீரென்று.
நடுவில் ஒற்றை அரிசிமணி.

பெயர் என்ற இடத்தில் 'தவில்' என்று எழுதினாள்.
வயது கேட்டாள், முப்பத்தொன்று என்றேன்.
ஆணா பெண்ணா என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது,
ஒன்றும் எழுதாமல் தாண்டிப் போனது.
டொக்டர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

இனியும் ஒரு சிக்கல்.
மேலே குளிர் என்கிறார்கள், காற்று வேறு என்கிறார்கள்.
தோல் வெடிக்காமலிருக்க நட்டுகளை இளக்க வேண்டும்.
இளக்கினால் வாசிக்க ஏலாது.
வாசித்துக் காட்டச் சொன்னால்?

ஓமந்தையில் சொன்னார்கள் ஒருமுறை.
"கஹலா பென்னன்ன."
நல்ல வெயில், தோல் தானாகவே இறுகியிருந்தது.
விரலில் கூடு இல்லை.
வெறுங்கையால் நாலு ஆவர்த்தனம் வாசித்தேன்,
வரிசை முழுக்கப் பையோடும் பிள்ளையோடும்
கேட்டுக்கொண்டு நின்றது.
சிப்பாய் மெல்லத் தலையை ஆட்டினான்.
போகச் சொல்லி ஆட்டினானா
தாளத்துக்கு ஆட்டினானா
இன்றுவரை தெரியாது.

விமானச் சத்தம் கேட்டால்
குப்புற விழுந்தே பழகிய உடம்பு இது.
நாளை அதன் வயிற்றுக்குள் நிமிர்ந்திருந்து
பட்டி போட்டு, தேத்தண்ணி வாங்கிக் குடிக்கப்போகிறது.
தவில் எனக்கு நேர் கீழே
சாமான் அறையின் இருட்டில்.
முன்பும் ஒரே இருட்டுக்குள்தான் இருந்தோம்.

இரவு இரண்டு மணிக்கு வான் வந்தது.
கடைசி நிமிடத்தில் பெட்டியைத் திறந்து
நட்டுகளை முழுக்க இளக்காமல்
அரைச் சுற்றோடு விட்டேன்.
நாதமும் வராது, வெடிக்கவும் கூடாது;
கேட்டால் 'இது தவில்' என்று சொல்லும் அளவுக்கு
ஒரு முனகல் போதும்.

பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம்.
கடிதம் இரண்டும் சட்டைப் பையில்,
எது யாருடையதென்று தடவிப் பார்த்துத் தெரியாது.

ஓமந்தையில் இப்போது ஒருவரும் மறிப்பதில்லை.
சாரதி ரஜீபன் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.
நான் பழக்கத்தில்
விரல்களை ஒவ்வொன்றாய் நெட்டி முறித்தேன்.