ஏழாவது பொருள்

ஆறாவது பொருள், சாலைக்குத் தூவும் உப்பு.
எட்டாவது, நூலகக் கூரை ஒழுகல்.
இடையில்,
மூடிக் கிடக்கும் சீனிக்கிழங்கு ஆலையைத்
தடுப்பு முகாமுக்குக் குத்தகை விடுவது.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
வந்தவர்கள் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.
நான் மாவட்டக் குழுவின் எழுத்தர்.
பேசுவது என் வேலை இல்லை.
ஆளுக்கு மூன்று நிமிடம்:
மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு எரியும்
ஒரு குட்டி விளக்கு.
அதன் பொத்தானும் என்னிடம்தான்.

முந்நூற்று இருபது படுக்கை என்றார் கம்பெனிக்காரர்.
படுக்கைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு.
காலியாக இருந்தாலும் இவ்வளவு.
காலியாக இருக்காது என்றார்.
ஆள் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.
நானும் படுக்கை என்றே எழுதினேன்.

வெர்ன் ஹாஸ்கம்ப் எழுந்தார்.
ஆலை மூடியதும் மகன் டென்வருக்குப் போய்விட்டானாம்.
"காவலர் வேலைக்கு மணிக்கு இருபத்தெட்டு டாலர்.
என் பையன் திரும்பி வருவான், அவ்வளவுதான்."
காகிதம் அவர் கையில் நடுங்கியது.
கெட்ட மனிதர் என்று எழுத
எனக்குக் கட்டமும் இல்லை, மனமும் இல்லை.

த்ரகானா, தையல் கடைக்காரி:
"பதினோரு வருஷம் வரிசையில நின்னேன்.
நடுவுல அப்பா செத்தார், போகல.
முந்தி நுழைஞ்சவங்களைப் பார்த்து
நான் ஏன் சிரிக்கணும்?"
கைதட்டினார்கள்.
கைதட்டலைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

லைல் ஊட்சென், பால்பண்ணை:
"எல்லாரையும் அனுப்பணும்னுதான் ஓட்டுப் போட்டேன்.
என்கிட்ட இருக்கிற ஆறு பேரைச் சொல்லல."
சிரிப்பு.
அவர் சிரிக்கவில்லை.
"காலைல நாலு மணிக்கு மடி கனத்துடும்.
மாட்டுக்கிட்ட போய் அரசியல் பேச முடியுமா?"
விளக்கு சிவந்தும் நின்றுகொண்டிருந்தார்.
பிறகு தொப்பியைத் தேடினார்;
தலையில்தான் இருந்தது.

பதினோராவது பெயர், மிகேலா இஷ்கொய்.
ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திப்
பேசத் தொடங்கினாள்.
ஸ்பானிஷ் இல்லை. ஸ்பானிஷ் என்றால்
உறுப்பினர் ஒருவருக்கு அரைகுறையாகத் தெரியும்.
இது அவர்கள் மலையின் பாஷை, கிச்சே.

"மொழிபெயர்ப்பாளர் எங்கே?"
என்று தலைவர் கேட்டது என்னைத்தான்.

இந்த மாவட்டத்தில் இரண்டு பாஷையும் தெரிந்தது
ஒரே ஆளுக்கு.
கோர்ட்டுக்கு அவன், பிரசவ வார்டுக்கு அவன்,
பள்ளியில் காய்ச்சல் என்றால் அவன்.
பல்தசார் இஷ்கொய்.
போன வியாழன் பெட்ரோல் போடும்போது
கூட்டிக்கொண்டு போனார்கள்.
டாங்க் மூடி தொங்கியபடி
அவன் கார் இரண்டு நாள் அங்கேயே நின்றது.
ஊரே அதைச் சுற்றிக்கொண்டுபோய்
பெட்ரோல் போட்டது. நானும்.

"வரவில்லை" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.
ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை,
ஒருவரும் இருமவில்லை.
அவன் பெயர் மட்டும் மூன்று முறை காதில் விழுந்தது.
ஏழாவது பொருளைப் பற்றித்தான் பேசினாளா,
அதற்கு ஆதரவா எதிர்ப்பா
(எனக்கு ஏதோ ஒன்றை டிக் செய்ய வேண்டும்)
தெரியவில்லை.

கையில் ஒரு பச்சைச் சீட்டு வைத்திருந்தாள்.
அந்தப் பச்சை எனக்குத் தூரத்திலேயே தெரியும்.
ஜனவரி, கோர்ட், மொழிபெயர்ப்பு, ஒன்பது மணி நேரம்.
எழுத்தர் கையெழுத்து என்ற இடம்
காலி.
மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று
நான்தான் விட்டு வைத்திருந்தேன்.

மஞ்சள் வந்தது.
சிவப்பு வர வேண்டிய நேரம் வந்தது.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது,
அழுத்தவில்லை.
பத்தொன்பது வருடத்தில் நான் செய்த ஒரே மீறல்,
நாற்பது விநாடி.
அவளாகவே முடித்துக்கொண்டு
சீட்டை நான்காய் மடித்து
உள்ளே வைத்துக்கொண்டாள்.

நாலுக்கு ஒன்று. நிறைவேறியது.

எட்டாவது பொருளுக்கு விவாதம் இல்லை.
குத்தகைப் பணம் வந்ததும்
கூரையைப் பார்த்துக்கொள்ளலாம்.
அதுவரைக்கும் வாளி.

வாகன நிறுத்தத்தில் அவளைத் தேடினேன்.
உப்பு தூவாத பனியில்
எல்லோருடைய காலடியும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தது.
பேனா கோட்டுப்பையில்,
மூடி கழற்றியபடி.