நெறி

குழாய்மேல் ஒட்டிய தாளில் என் கையெழுத்து:
அங்கயற்கண்ணி, 36, பெண்.
வார்டு என்ற இடத்தில் ஒரு கோடு.
இரவு ஒன்றேகால். பெரியாஸ்பத்திரி.
வெளியே பனகல் ரோட்டில்
பரோட்டாக் கல் அடங்கி வெகுநேரமாகிறது.

ஞாயிறு, நாகமலை அடிவாரம்.
செருப்பைத் துளைத்து ஏறிய கருவேல முள்.
உருவினேன். நுனி வரவில்லை.
திங்கள் குதிகால் கனத்தது.
செவ்வாய், தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டது,
புளியங்கொட்டை அளவு,
தொட்டால் நழுவுகிறது.

குத்தியது கீழே, வலிப்பது மேலேயா என்று
எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள் இந்த ஜன்னலில்.
சீட்டை நீட்டிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இன்று என் சொட்டையே
கண்ணாடியில் நாக்குப்போல இழுத்து,
சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து,
எண்ணெய்விட்டுக் குனிகிறேன்.

முதலில் கண்ணில் படுபவை
மூன்று மடிப்பு, நான்கு மடிப்பு,
வாழைப்பூ நிறம்.
தட்டுகிறேன், தட்டுகிறேன், எண்ணும் கருவி களைக்கிறது.
முள் நுழைந்த சில மணி நேரத்திலேயே
ரத்தக்குழாய்ச் சுவரை நெகிழ்த்திப் பிதுங்கி
குதிகாலுக்குள் இறங்கியவை இவற்றின் உடன்பிறப்புகள்.
யார் எவர் என்று கேட்பதில்லை.
விழுங்கும். விழுங்கியதோடு சேர்ந்து வேகும்.
ஆயுசு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.
காலையில் சீழ் என்று முகம் சுளித்து
பஞ்சால் துடைத்து வாளியில் போட்டேனே,
அது அவைதான்.

அடுத்தவை உருண்டை. ஊறிய உளுந்து.
அவசரமே இல்லை இவற்றுக்கு.
குதிகாலிலிருந்து எதிரியின் ஒரு கந்தலைப் பிய்த்து
யாரோ கால் நெடுக ஏறி வந்திருக்கிறார்கள்
தொடையிடுக்குவரை.
மாட்டுத்தாவணியில் ஒற்றைச் சட்டைத் துணியோடு
பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி
'இது யாருதுன்னு தெரியுமா, தெரியுமா' என்று
கேட்பதுபோல ஒரு கேள்வி.
தெரியாது. தெரியாது. தெரியாது.
பிறந்த நாள் முதல் காத்திருந்து
யாரையுமே அடையாளம் சொல்லாமல்
செத்துப்போகிறவை கோடி.
எங்கோ ஒன்று மட்டும்
'தெரியும்' என்கிறது.
அது இரண்டாகி, இரண்டு நாலாகி,
இடம் போதாமல் நெருக்கியடிக்கும் அந்தக் கூட்டம்தான்
என் புளியங்கொட்டை.

அறுபத்தெட்டு எண்ணியபோது
பஞ்சவர்ணம் நினைவுக்கு வந்தாள்.
இருபத்திரண்டு வயது, பேரையூர்ப் பக்கம்.
நேற்று அவள் ரிப்போர்ட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
அவளுக்குள் வெளியாள் யாரும் வரவில்லை.
சொந்தச் சிறுநீரகத்தைக் காட்டி
உள்ளேயே யாரோ 'இவன்தான்' என்று சொல்லிவிட்டார்கள்.
நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் உண்டு.
சொந்தத்தைக் கடிக்கிறவற்றை
அங்கேயே தீர்த்துவிடுவார்கள்.
எப்படியோ சில தப்பி வந்திருக்கின்றன.
விசாரிக்காமல் வெட்டியதற்காக
ஒருமுறை எரிந்த ஊர் இது.

'பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா தாயி?'
அவள் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கேட்டாள்,
கையில் மாதுளம்பழம் ரெண்டு.
இருக்கிறதே பகை என்று எப்படிச் சொல்ல.
'டாக்டரக் கேளுங்கம்மா' என்றேன்.

நூறாவதில் கருவி மணியடித்தது.
மடிப்புக்காரர்கள் எழுபத்தொன்பது. உளுந்து பதினாறு.
அவரை விதை நாலு.
கேசரிப் பொடி தூவியதுபோல் ஒன்றே ஒன்று,
எதற்கு வந்ததோ.

காய்ச்சல் நூற்றொன்று.
அடுப்பை மூட்டியவளும் நானே.
ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்வெட்டரைத் தேடுகிறேன்
மதுரையில், சித்திரையில்.

ஏழரைக்கு சர்ஜரி ஓபி.
முள் நுனியை அவர்கள் எடுக்கட்டும்.
இத்தனை பேர் இருந்தும்
உள்ளே ஒருத்தர் கையிலும்
ஒரு இடுக்கி இல்லை.