நியூட்ரல்

முதலில் பல்பைத்தான் சந்தேகித்தேன்.
கழற்றிச் சமையலறையில் மாட்டினேன்.
அங்கே சமர்த்தாக எரிந்தது.
சமையலறை பல்பை இங்கே கொண்டுவந்தேன்.
வந்த ஐந்தாம் நிமிடம்
அதுவும் கண்ணடிக்கக் கற்றுக்கொண்டது.

ஆக, ஆள் சுவரில் இருக்கிறான்.
முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டிம்மர்,
குண்டு பல்பு காலத்தவன்.
அறுபது வாட் தின்று வளர்ந்தவனுக்கு
ஒன்பது வாட் எல்இடி
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
பாதிக்குத் திருகினால் முனகுகிறான்,
கால்வாசிக்கு வந்தால் நடுங்குகிறான்.

ஹவுஸ் ஓனரிடம் சொன்னேன்.
"லைட்டுன்னா எரியணும், இல்ல அணையணும்.
நடுவுல உனக்கென்னம்மா வேலை?"

நடுவில்தான் என் வேலை.
இரவு பத்திலிருந்து ஐந்து வரை
ஒஹாயோ டாக்டர்கள் பேசிவைத்ததைத்
தட்டச்சு செய்கிறேன்.
திரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெளிச்சம் வேண்டும்,
இல்லையென்றால் விடியும்போது
கண்ணெல்லாம் மணல்.

"தோ வந்துட்டேன்க்கா, நாதமுனி கிட்ட" என்றான் டில்லிபாபு.
மூன்று நாள் நாதமுனி கிட்டவே இருந்தான்.
நான்காம் நாள் ரிச்சி ஸ்ட்ரீட் கவரோடு வந்து
எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து,
பழையவனைப் பிடுங்கினான்.
பின்னால் எறும்புக் குடித்தனம்,
முட்டையும் மூட்டையுமாக.

புதுக் குமிழைத் திருகினேன்.
அடங்கி இறங்கியது வெளிச்சம், ஒரு முனகல் இல்லை.
எழுநூற்று ஐம்பது. கூலி தனி.

அன்றிரவு இரண்டு நாற்பதுக்கு
மறுபடி கண்ணடித்தது.
ஒரே தடவை.
பிறகு பத்து நிமிடம் லேசான துடிப்பு.
மறுநாளும். அதற்கு மறுநாள் மூன்று ஐந்துக்கு.
இப்போது ஹால் டியூப்லைட்டும் சேர்ந்துகொண்டது,
அதற்கு டிம்மரே கிடையாது.
கேஸ் பில்லின் பின்பக்கம் நேரங்களைக் குறித்தேன்:
தண்ணி மோட்டார் ஓடவில்லை.
ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டேன்.
தெருவில் நாய்கூட முழித்திருக்கவில்லை.

டில்லிபாபு பட்டியலைப் படித்தான்.
மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியைத் திறந்தான்.
கருவாடு வாசம்.
"நியூட்ரல் லூஸுக்கா. ஒயர் கருகியிருக்கு பாரு.
உனக்கும் மேல் வீட்டுக்கும் ஒரே லைன்ல இழுத்து வச்சிருக்கான்.
அவங்க எதையோ போட்டா நீ ஆடுற.
இன்னும் ஒரு மாசம் வுட்டிருந்தா
உன் டிவி, அவங்க ஃபிரிட்ஜு, எல்லாம் புஸ்ஸு."

கரண்ட்டை நிறுத்தப்போகிறோம் என்று சொல்ல
மேலே போனேன்.
ஹெப்சிபா கதவைத் திறந்தாள்.
இடுப்பில் நாலு வயசு மகன்.
இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிய முதல் வாக்கியம்:
"எவ்ளோ நேரம் ஆகும்?"
அரை மணி என்றேன்.
"அப்ப சரி. ராத்திரின்னா முடியாதுங்க" என்று
மேசையைப் பார்த்தாள்.
நெபுலைசர். பக்கத்தில்
மீன் படம் போட்ட சின்ன மாஸ்க்.

என் தலைக்கு மேலே பத்தடியில்
ஒருவன் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில்
கீழே நான்
முகம் தெரியாத யாருடைய நெஞ்சிலோ கேட்ட வீசிங்கை
எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக்கொண்டு
நடு நடுவே நிமிர்ந்து
விளக்கைத் திட்டியிருக்கிறேன்.

கருகியதை வெட்டினான் டில்லிபாபு.
தனித்தனியாக ஒயர் இழுத்தான்,
ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு
மனசு கேட்காமல் இன்னொரு முறுக்கு.
அந்தப் பணத்தை வாடகையில் கழிக்க
ஓனர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

விளக்கு இப்போது அசைவதில்லை.
இரண்டு நாற்பதுக்கு
நான்தான் அண்ணாந்து பார்க்கிறேன்.
தூங்குகிறானா, மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறானா,
எதுவும் தெரிவதில்லை.
ஹெட்போனைக் கழற்றினால் ஃபேன் சத்தம் மட்டும்.

ஹெப்சிபாவின் நம்பரை வாங்கி
'மாடி' என்று சேமித்திருக்கிறேன்.
இந்த நேரத்தில் அடித்து
என்ன கேட்பது?

குமிழைக் கொஞ்சம் குறைக்கிறேன்.
காதில் ஒஹாயோ டாக்டர்
அடுத்த நோயாளியின் வயதைச் சொல்கிறார்.