மஞ்சள் அட்டை

தெற்கு எஸ்டோனியா, வோரு நகரம், நான்காம் வகுப்பு.
ஆளுக்கொரு மஞ்சள் அட்டை எங்களுக்கு.
கோணல் வாதம் காதில் விழுந்தால்
கால்பந்து நடுவர் மாதிரி தூக்க வேண்டும்.
வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது சட்டம்.
முதல் நாளே மீறினோம்.

"எல்லாரிடமும் இருக்கிறது, எனக்கும் போன் வேண்டும்."
அட்டை.
"கேர்து திக்குவாய், அவள் போட்ட கணக்கு தப்பு."
கேர்துவே இரண்டு கையாலும் தூக்கினாள்.
"என் பக்கம் வா, வராவிட்டால் நீ எதிரி."
அட்டை, அட்டை, அட்டை.
"மண்ணில் விளைந்தது, அதனால் நல்லது" என்று
பீட்ரூட் சூப் ஊற்றிய சமையல்காரர் உர்மாஸுக்கும் ஒன்று.
அவர் கரண்டியை உயர்த்தி அப்பீல் செய்தார்.

சன்னலுக்கு வெளியே பிர்ச் மரம்.
காக்கை உட்கார, பனி விழுந்தது.
"காக்கைதான் தள்ளியது" என்றான் ரைகோ.
அட்டைகள் பாதி எழுந்து தயங்கின.
தள்ளியும் இருக்கலாம்.
அடுத்த கிளையைப் பார்த்தோம். அங்கே காக்கை இல்லை,
பனி விழுந்துகொண்டுதான் இருந்தது.

மார்ச்சில் ஒரு நாள், பூட்ஸ் மாட்டும் இடத்தில்
யோசெப் சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"நான் கதவை அறைந்து சாத்தினேன். மறுநாள்
அப்பா பின்லாந்துக்குப் போனார். திரும்பவில்லை."

ஒருவரும் பேசவில்லை.
ஈரக் கையுறையோடு கேர்து பைக்குள் துழாவினாள்.
ஜாம் கறையும் மடிந்த நுனியுமாக
அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"பி… பிழை" என்றாள்.

யோசெப் அதைப் பிடுங்கிக்கொண்டான்.
திருப்பித் தரவேயில்லை.